கணக்குக்குக் கால் கொடுத்த அம்மையார்



உங்கள் வீட்டில் மூன்று வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களுக்குப் பாலை எதில் கொடுப்பார்கள்? எவர்சில்வர் டம்ளரில். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கோப்பையில். பீங்கான் கோப்பையை அம்மா அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுவார். கீழே போட்டால் உடைந்துவிடும் அல்லவா?

நான் இருப்பது விருத்தாசலத்தில். பீங்கான் ஊர் என்றே எங்கள் ஊருக்கு ஒரு பெயர் உண்டு. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தத் தொழிலைச் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கொலுவில் நிற்கும் குட்டிப் பொம்மைகளில் ஒன்றிரண்டு எங்கள் ஊரில் அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு வந்தவையாக இருக்கலாம். இன்னும் சுடாத பொம்மைகளைப் பலகையில் அடுக்கித் தூக்கிக்கொண்டு அங்கே வேலை செய்யும் அக்காமார்கள் நடப்பதைப் பார்க்க வேண்டும்! தோள் அசையாது. கண் பலகையை விட்டு நகராது. பாதம் மட்டும் மெதுவாக, அளந்து அளந்து போகும். ஒரு பொம்மை சாய்ந்தாலும் அன்றைய உழைப்பு வீண்.

அப்படி நடக்க மூன்று வயதுக் குழந்தையால் முடியுமா? முடியும் என்றார் ஓர் அம்மையார். சொன்னதோடு நிற்கவில்லை. நிஜமான பீங்கான் தட்டுகளையும் கண்ணாடி டம்ளர்களையும் சின்னஞ்சிறு குழந்தைகளிடம் கொடுத்து, சாப்பாட்டு மேசையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். உடையாத பாத்திரத்தைக் கொடுத்தால் குழந்தை எப்படி வேண்டுமானாலும் நடக்கும். உடைவதைக் கொடுத்தால்தான் கவனமாக நடக்கக் கற்றுக்கொள்ளும் என்பது அவர் எண்ணம்.

அதே அம்மையார்தான் கணக்கையும் குழந்தைகளின் கையிலும் காலிலும் கொடுத்தவர். அவர் பெயர் மரியா மாண்டிசோரி. பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல ஊர்களில் நர்சரிப் பள்ளிப் பலகையில் மாண்டிசோரி என்று எழுதியிருக்கும். நான் ஆசிரியப் பயிற்சி படித்த நாளில் அவர் எங்களுக்கு ஓர் ஐந்து மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான்! பிறந்த ஆண்டு, எழுதிய நூல்கள், கண்டுபிடித்த முறை என்று மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோனேன். அவரை நான் உண்மையில் படித்தது வெகுகாலம் கழித்துத்தான். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்ற சிற்றூர். அங்கே 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தையார் அரசு அலுவலர். மரியாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ரோம் நகருக்குக் குடிபோனது. அந்தக் காலத்தில் இத்தாலியில் நன்றாகப் படிக்கும் பெண் என்றால் ஆசிரியை ஆகலாம். அதற்கு மேல் யோசிக்க மாட்டார்கள். மரியாவோ கணக்கில் கெட்டிக்காரி. பொறியாளர் ஆக வேண்டும் என்று 13 வயதில், பையன்கள் படிக்கும் தொழிற்பள்ளியில் போய்ச் சேர்ந்தார். பிறகு மனம் மாறியது. டாக்டர் ஆகப் போகிறேன் என்றார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மா மகள் பக்கம் நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் ஒரு பெரிய தொல்லை. உடல்கூறு படிக்க இறந்த உடலை அறுத்துப் பார்க்க வேண்டும். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் அதைச் செய்யக்கூடாது என்பது அன்றைய வழக்கம். அதனால் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, மாலை இருட்டில், அந்த அறையில் மரியா தனியாக வேலை செய்ய வேண்டியிருந்தது. நினைத்தாலே நமக்கு உடம்பு நடுங்குகிறது! அவர் விடவில்லை. 1896-ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

டாக்டர் எப்படி டீச்சர் ஆனார்?

படிப்பு முடிந்ததும், ரோமில் மனநலம் குன்றியவர்களுக்கான மருத்துவமனைகளுக்குப் போய்வந்தார். அங்கே சில குழந்தைகளை ஒரு வெற்று அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். விளையாட்டுப் பொருள் ஒன்றும் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். பாருங்கள், தின்னத் தெரியாமல் தின்கிறார்கள் என்று அங்கிருந்த பணிப்பெண் அலுத்துக்கொண்டார். மரியா உற்றுப் பார்த்தார். அவர்கள் பசியால் பொறுக்கவில்லை. கையால் தொட்டு உருட்டிப் பார்க்க அந்த அறையில் ரொட்டித் துணுக்கைத் தவிர வேறு எதுவுமே இல்லை! அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் இந்த நிகழ்ச்சியை விடாமல் சொல்வார்கள்.

கைக்கு வேலை கொடுத்தால் மூளை விழித்துக்கொள்ளும் என்று மரியாவுக்குத் தோன்றியது. தொட்டுப் பார்க்க, அடுக்க, கோக்கப் பொருள்களைக் கொடுத்துச் சொல்லித் தந்தார். படிக்கவே வராது என்று தள்ளிவைக்கப்பட்ட அந்தக் குழந்தைகளில் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதும் அரசுத் தேர்வை எழுதித் தேறினார்கள். ஊரே பாராட்டியது. மரியாவுக்கு வேறு கவலை வந்துவிட்டது. எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் ஏன் இதே அளவில் நிற்கிறார்கள்? அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் என்ன கோளாறு?

போய்ப் பார்த்தார். பெஞ்சும் மேசையும் தரையோடு ஆணி அடித்து இறுக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்காருவதுதான் ஒழுக்கம் என்று பெயர். குண்டூசி குத்தி அட்டையில் வைத்த பட்டாம்பூச்சிகள் மாதிரி இருக்கிறார்கள் இந்தப் பிள்ளைகள் என்று அவர் பிற்பாடு எழுதினார்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் குழந்தைகள் படிக்கட்டைக் கெடுப்பதும் சுவரில் கிறுக்குவதுமாக இருந்தார்கள். கட்டடக்காரர்கள் ஓர் அறையைக் கொடுத்து, இவர்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள். எல்லாரும் ஆறு, ஏழு வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த இடத்துக்குக் குழந்தைகள் இல்லம் என்று பெயர். அங்கேதான் மாண்டிசோரி அம்மையாரின் முறை பிறந்தது.

ஆணி அடித்த பெஞ்சு போயிற்று. குழந்தைகளே தூக்கி வைக்கக்கூடிய குட்டி நாற்காலிகள் வந்தன. ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் சிறிதும் பெரிதுமான உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். முடித்ததும் கலைத்தாள். மறுபடி பொருத்தினாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார் அம்மையார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அப்போதும் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கும் மேல்! பிறகு தானாக நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சின்னக் குழந்தைக்குக் கவனம் நிற்காது என்று சொன்னவர்கள் வாயை அவள் அடைத்துவிட்டாள்.

இனிக் கணக்குக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு நீள்வட்டக் கோடு. தண்டவாளத்தின் மேலும் நடைபாதை விளிம்பின் மேலும் விழாமல் நடக்கக் குழந்தைகளுக்கு ஆசை என்பதை அம்மையார் கவனித்திருந்தார். நீங்களும் மதில்மேல் நடந்து திட்டு வாங்கியிருப்பீர்களே! அந்த ஆசையையே பாடமாக்கினார். ஒரு பாதத்தின் குதிகாலை அடுத்த பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்துக் கோட்டின் மேல் நடக்க வேண்டும். பழகியதும் கையில் ஒரு கொடி. பிறகு தண்ணீர் நிரம்பிய டம்ளர். பிறகு ஒலிக்காமல் கொண்டுபோக வேண்டிய மணி. அவருடைய தோழி அன்னா மக்கெரோனி பியானோ வாசிப்பார். இசை மெதுவாக இருந்தால் நடை, வேகமானால் ஓட்டம், துள்ளினால் துள்ளல். எப்போது மாற வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காதுதான் காலுக்குச் சொல்லும்.

அடுத்தது எண் கோல்கள். மொத்தம் பத்து. மிகச் சிறியது 10 சென்டிமீட்டர், மிகப் பெரியது 1 மீட்டர். ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் சிவப்பு, நீலம் என்று மாறி மாறி வண்ணம். ஒன்று என்ற கோலை ஒரு கையால் எடுத்துவிடலாம். பத்து என்ற கோலைத் தூக்க நான்கு வயதுக் குழந்தை இரண்டு கையையும் அகல விரிக்க வேண்டும். யார் மேலும் இடிக்காமல் வகுப்பைச் சுற்றி வர வேண்டும். பத்து என்றால் பெரியது என்பதைக் குழந்தையின் தோள் தெரிந்துகொள்கிறது! பலகையில் 1 என்றும் 10 என்றும் எழுதினால் இது தெரியுமா?

அந்தக் கோல்களைத் தரையில் வைத்துக் கூட்டல் போடுவார்கள். 9 கோலின் முனையில் 1 கோலை ஒட்டினால் 10 கோலின் நீளம். 8-உம் 2-உம் சேர்ந்தால் 10. 7-உம் 3-உம், 6-உம் 4-உம் அப்படியே. 5 மட்டும் துணையில்லாமல் மிஞ்சும். அதைத் தூக்கி, முனை இருந்த இடத்திலிருந்து மறுபடி வைத்தால் அதுவே 10 ஆகிவிடும். ஐந்தின் இருமடங்கு பத்து! இப்போது நீங்களே சொல்லுங்கள். பத்துகள் நான்கு செய்தோம். ஏற்கெனவே ஒரு 10 கோல் இருக்கிறது. தனியாக ஒரு 5 இருக்கிறது. ஆக 1 முதல் 10 வரை கூட்டினால் 55. ஒரு வரிகூட எழுதவில்லை பார்த்தீர்களா?

பூஜ்யத்துக்கு அவர் வைத்திருந்த விளையாட்டு இன்னும் வேடிக்கை. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று நான் எத்தனையோ வகுப்பில் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள், 10-லிருந்து 0-ஐக் கழி என்றால் 0 என்று எழுதுவார்கள். மாண்டிசோரி அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? ஒரு குழந்தையைப் பார்த்து, என்னிடம் இரண்டு தடவை வா என்பார். வரும், போகும், வரும். இப்போது பூஜ்யம் தடவை வா என்பார். குழந்தை குடுகுடு என்று ஓடி வரும். அடடா, நீ ஒரு தடவை வந்துவிட்டாயே, நான் பூஜ்யம் தடவைதானே வரச் சொன்னேன் என்பார். குழந்தை திகைத்து நிற்கும். கடைசியில், வராமல் அப்படியே நிற்பதுதான் பூஜ்யம் என்று புரிந்ததும் ஒரே சிரிப்பு! ஓடத் துடிக்கும் காலை அடக்கிக்கொண்டு நிற்கிறதே, அந்தக் குழந்தை பூஜ்யத்தை மறக்குமா?

பெரிய எண்களுக்குப் பொன்னிற மணிகள். ஒற்றை மணி 1. பத்து மணியைக் கம்பியில் கோத்த சரம் 10. பத்துச் சரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டிய சதுரம் 100. பத்துச் சதுரத்தை அடுக்கினால் கனசதுரம், அது 1000. அறையின் ஒரு மூலையில் மணிகளின் வங்கி. 2,435 கொண்டு வா என்றால், குழந்தை தட்டை எடுத்துக்கொண்டு நடந்து போய், இரண்டு கனசதுரம், நான்கு சதுரம், மூன்று சரம், ஐந்து ஒற்றை மணி என்று எடுத்துவர வேண்டும். ஒற்றை மணி விரல் நுனியில் நிற்கும். ஆயிரம் கை நிறையும், கனக்கும். கூட்டலில் பத்து ஒற்றை மணி சேர்ந்துவிட்டால் வங்கிக்கு நடந்து போய்க் கொடுத்துவிட்டு ஒரு சரம் வாங்கிவர வேண்டும். ஒன்றை மேலே போடு, ஒன்றை மேலே போடு என்று நாம் சொல்கிறோமே, அது இந்த நடைதான். ஆயிரம் மணிகளையும் ஒரே சங்கிலியாகக் கோத்தது ஒன்றும் உண்டு. அதைத் தரையில் நீட்டி, பக்கத்திலேயே எண்ணிக்கொண்டு போனால் வகுப்பறை போதாது; வராந்தா வரை போகும்.

இப்போது என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்குக் கணக்கு நடனம் ஒன்று தயார் செய்தேன். பிள்ளைகள் மார்பில் அட்டை எண்களைக் கட்டிக்கொண்டு வாய்ப்பாட்டுப் பாட்டுக்கு ஆடினார்கள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் வகுப்பில், 8 அட்டையைக் கட்டியிருந்த பையனிடம் 8-உம் 7-உம் எத்தனை என்று கேட்டேன். விழித்தான். 7 அட்டையும் விழித்தது! இதைவிட மோசமான ஒன்றும் செய்திருக்கிறேன். எட்டாம் வாய்ப்பாட்டை முன்னும் பின்னும் அசைந்தாடியபடி சொல்லும் ஒரு சிறுமியை, ஆடாமல் நின்று சொல் என்று அதட்டினேன். அசையாமல் நின்றாள். நான்கெட்டு முப்பத்திரண்டோடு அவளுக்கு வாய்ப்பாடு நின்றுபோனது. மறுநாளும் அங்கேயே நின்றது. அதன் பிறகுதான் அந்த ஐந்து மதிப்பெண் கேள்வியை நூலகத்தில் தேடிப் படித்தேன்.

என் தவறு புரிந்தது. அட்டை கட்டிய நடனத்தில் ஆட்டம் இருந்தது; ஆனால் ஆட்டத்துக்குள் எண் இல்லை. 8 கட்டியவனும் 3 கட்டியவனும் ஒரே மாதிரிதான் குதித்தார்கள். மாண்டிசோரி அம்மையார் வகுப்பில் குழந்தை எட்டைத் தூக்கினால் கை எட்டு அளவுக்கு விரிகிறது. வாய்ப்பாட்டோடு அசைந்த அந்தச் சிறுமியோ ஒவ்வொரு எட்டுக்கும் ஓர் அசைவு வைத்திருந்தாள். நான் அதைத்தான் பிடுங்கிவிட்டேன்.

நம் ஊர் ஆட்டங்களில் எண் எப்போதும் உள்ளேயே இருக்கிறது. பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். தகிட என்றால் 3. தகதிமி என்றால் 4. தகதகிட என்றால் 5. அதற்குப் பிறகு வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து நிறுத்தினேன். ஓர் அணி தகிட, மற்றது தகதிமி. தொடக்கத் தட்டில் மட்டும் காலை ஓங்கி மிதிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து தொடங்குவார்கள், உடனே பிரிந்துவிடுவார்கள், தனித்தனியாக மிதிப்பார்கள். திடீரென்று 13-ஆவது தட்டில் இரண்டு அணியும் ஒன்றாக மிதிக்க, தரை அதிரும்! நடுவில் போனவை 12 தட்டுகள். 3-க்கும் 4-க்கும் மீச்சிறு பொது மடங்கு 12 என்று நான் சொல்வதற்கு முன்பே காலுக்குத் தெரிந்துவிட்டது.

அம்மையார் நடன ஆசிரியை அல்லர். ஆனால் அவர் தமிழ்நாட்டுக்கு வந்தபோது அழைத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ருக்மிணி தேவி! பரதநாட்டியத்துக்காகக் கலாக்ஷேத்ராவை 1936-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் தொடங்கியவர். குழந்தைகள் இல்லம் திறந்த அதே ஜனவரி 6!

அந்த வருகை எளிதாக நடந்துவிடவில்லை. இத்தாலியில் முசோலினி ஆட்சி. முதலில் அவர் மாண்டிசோரி பள்ளிகளுக்கு ஆதரவு கொடுத்தார். ஆனால் கேள்வி கேட்காமல் கீழ்ப்படியும் பிள்ளைகள்தான் அவருக்கு வேண்டும். தானாக யோசிக்கும் பிள்ளைகளை வளர்க்கும் அம்மையாரோடு எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934-ல் மோதல் முற்றியது. பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் இருந்து வேலை செய்தார். 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. அங்கிருந்தும் வெளியேறி நெதர்லாந்து போனார். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி அவருடைய பள்ளிகளை மூடியது. அறுபது வயதுக்கு மேல் ஊர் ஊராக இந்த அலைச்சல்.

1939-ஆம் ஆண்டு நவம்பரில், பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்ததன்பேரில், மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 69 வயது. ஆல்காட் தோட்டத்தில் ஓலைக் கொட்டகை போட்டு வகுப்பு நடந்தது. இந்தியா முழுவதிலுமிருந்து 300-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வந்து குவிந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார்கள். 1940-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் இத்தாலி போரில் குதித்தது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷாருக்கு இத்தாலியர் எல்லாரும் எதிரிகள் ஆகிவிட்டார்கள்! மரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. எந்த ஆட்சி தன் பள்ளிகளை மூடியதோ, அந்த ஆட்சியின் ஆள் என்று அவரைக் காவலில் வைத்தார்கள். பிள்ளைகளை நடக்க விடுங்கள் என்று உலகம் முழுவதும் சொன்னவர், வேலிக்குள் நடந்துகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 31 வந்தது. அன்று அவருக்கு 70 வயது நிறைவு. வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. என்ன பரிசு கொடுக்கலாம் என்று யோசித்ததாகவும், மகனைத் திருப்பித் தருவதே நல்ல பரிசு என்று முடிவு செய்ததாகவும் அதில் இருந்தது. மரியோ திரும்பி வந்தார். அன்று அந்தத் தாயின் முகம் எப்படி இருந்திருக்கும்!

போர் முடியும்வரை அவர்கள் இந்தியாவை விட்டுப் போக முடியவில்லை. 1942 முதல் 1944 வரை நம் கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கே வெவ்வேறு வயதுக் குழந்தைகளைச் சேர்த்து ஒரு சிறு பள்ளி நடத்தினார். மலையும் காடும் ஓடையும் வகுப்பறை ஆயின. செடிகளையும் பூச்சிகளையும் தேடிக் குழந்தைகள் நடந்தார்கள். அகமதாபாத், கராச்சி, ஸ்ரீநகர், இலங்கை என்று பல இடங்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஏராளமான ஆசிரியர்கள் அவரிடம் கற்றார்கள். அவருடைய நூல்கள் சில முதலில் அச்சானது எங்கே தெரியுமா? சென்னையில்! அவற்றில் சிலவற்றை வெளியிட்டது நடனப்பள்ளியான கலாக்ஷேத்ரா.

1946-ல் ஐரோப்பா திரும்பினார். மறுபடியும் இந்தியா வந்து 1949 வரை பாடம் நடத்தினார். 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டுகள் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் நெதர்லாந்தின் நோர்ட்வெய்க் என்ற கடற்கரை ஊரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய நூற்றாண்டான 1970-ல் நம் அரசு தபால்தலை வெளியிட்டது. தபால்தலை சேர்க்கும் பிள்ளைகள் தேடிப் பாருங்கள். இத்தாலி தன் 1000 லிரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. முன்பு பள்ளிகளை மூடிய அதே நாடுதான்!

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு தமிழ்நாடெங்கும் பரவியபோது, பிள்ளைகள் பெஞ்சை விட்டு இறங்கித் தரையில் அட்டைகளோடும் மணிகளோடும் உட்கார்ந்தார்கள். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாட்டும் ஆட்டமும் பாடத்துக்குள்ளேயே வந்தன. உங்கள் தம்பி தங்கைகள் வகுப்பில் ஆடிப் பாடுவதைப் பார்த்தால், அந்த ஆட்டத்துக்குள் எண் இருக்கிறதா என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் டீச்சரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நான்தான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

எங்கள் ஊர் விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கு ஒரு சிறப்பு உண்டு. எல்லாமே ஐந்து என்பார்கள். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து நந்தி, ஐந்து தீர்த்தம். என்னிடம் படித்த பிள்ளைகள் ஐந்தாம் வாய்ப்பாட்டை அங்கே நடந்துகொண்டே சொன்னதுண்டு. நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தால் எண்ணிப் பாருங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒரு விளையாட்டு. மூன்று பேர் வேண்டும். ஒருவர் தகிட, ஒருவர் தகதிமி, ஒருவர் தகதகிட. மூவரும் ஒன்றாகத் தொடங்குங்கள். அவரவர் முதல் தட்டில் மட்டும் காலை ஓங்கி மிதியுங்கள். மறுபடி எந்தத் தட்டில் மூன்று கால்களும் சேர்ந்து விழும்? பென்சிலை எடுக்கக்கூடாது. எழுந்து நில்லுங்கள்!